பூட்டுவதா, பிரிப்பதா, விலகுவதா? சமூக ஊடகப் பக்கத்தின் தனியுரிமைக்கு ஐந்து வழிகள்

சமூக ஊடகத்தில் ஒருவருடைய பக்கம் யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்ய ஐந்து வழிகள் உண்டு. கணக்கை முழுவதுமாகப் பூட்டி, அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். ஒரே கணக்குக்குள் குடும்பம், நண்பர்கள், அலுவலகம் என்று பார்வையாளர்களைப் பிரித்து, ஒவ்வொரு பதிவையும் உரியவர்களுக்கு மட்டும் காட்டலாம். பக்கத்தைத் திறந்தே வைத்துவிட்டு, எழுதுவதில் கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்கலாம். வெளியுலகுக்கு ஒன்று, நெருங்கியவர்களுக்கு ஒன்று என இரண்டு கணக்குகள் வைத்துக்கொள்ளலாம். எதுவும் வேண்டாம் என்று கணக்கையே மூடிவிடலாம். இது குறித்துக் கிடைக்கும் அறிவுரைகள் பெரும்பாலும் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்பதோடு நின்றுவிடுகின்றன. பொத்தான்கள் இருக்கும் இடம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்ற கேள்வி அவ்வளவு விரைவாக மாறுவதில்லை.

ஒப்பிடுவதற்கு இரண்டு அளவுகோல்கள் போதும் என்று நினைக்கிறேன். முதலாவது, யாருடைய கண்ணிலிருந்து மறைக்க விரும்புகிறோம் என்பது. நம்மை அறிந்தவர்கள் ஒரு வகை: உறவினர், மேலதிகாரி, முன்னாள் துணைவர். முற்றிலும் அறியாதவர்கள் இன்னொரு வகை: மோசடி செய்பவர்கள், பின்தொடர்ந்து தொல்லை தருபவர்கள், பக்கங்களைத் தானாகவே படித்துச் சேமிக்கும் நிரல்கள். மூன்றாவது வகை, அந்தத் தளத்தை நடத்தும் நிறுவனமே. இந்த மூன்று கண்களையும் ஒரே வழியால் மறைத்துவிட முடியாது. ஒன்றுக்கு உதவும் ஏற்பாடு மற்றொன்றுக்குச் சிறிதும் உதவாமல் போகலாம். இரண்டாவது அளவுகோல், அந்த வழி நம்மை எத்தனை முறை முடிவெடுக்க வைக்கிறது என்பது. ஒருமுறை யோசித்துச் செய்துவிட்டால் போதும் என்ற ஏற்பாடும், ஒவ்வொரு பதிவின்போதும் யோசிக்க வேண்டிய ஏற்பாடும் காகிதத்தில் ஒரே அளவு பாதுகாப்பைத் தருவதாகத் தோன்றலாம். நடைமுறையில், களைத்துப்போன ஓர் இரவில், அவற்றின் வேறுபாடு வெளிப்பட்டுவிடும். இந்த இரண்டாவது அளவுகோலையே நான் பெரிதாக மதிக்கிறேன். அதன் காரணம் கீழே தெரியும்.

முழுப் பூட்டு

இன்ஸ்டாகிராமில் கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றினால், பதிவுகளும் ஸ்டோரிகளும் பின்தொடர்பவர்களுக்கு மட்டுமே தெரியும். புதிதாக வருபவர் அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டும். முன்பு ட்விட்டர் என்று வழங்கிய எக்ஸ் தளத்தில் பதிவுகளைப் பாதுகாத்து வைத்தால், பின்தொடராதவர்களின் தேடலில் அவை வருவதில்லை. பின்தொடர்பவர்களும் அவற்றை மறுபகிர்வு செய்ய இயலாது. ஃபேஸ்புக்கில் 2020 முதல் சில நாடுகளில் கிடைக்கும் புரொஃபைல் பூட்டு, இனி எழுதுபவற்றை மட்டுமல்லாமல், முன்பு பொதுவில் இட்ட பதிவுகளையும் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிடுகிறது.

பூட்டிய பிறகும் வெளியே தெரிபவை சில உண்டு. இன்ஸ்டாகிராமில் பெயர், படம், அறிமுக வரிகள், எத்தனை பேர் பின்தொடர்கிறார்கள் என்ற எண்ணிக்கை ஆகியவை யாருக்கும் தெரியும். அறிமுக வரியில் பள்ளியின் பெயரையும் பிறந்த நாளையும் எழுதி வைத்துவிட்டுக் கணக்கைப் பூட்டுபவர்களை அடிக்கடி பார்க்கிறேன்; பூட்டிய கதவின் மேல் வீட்டு விவரம் முழுவதையும் எழுதி ஒட்டியது போன்ற செயல் அது. அதேபோல, இன்ஸ்டாகிராமிலும் ஃபேஸ்புக்கிலும் மற்றவருடைய பொதுப் பதிவின் கீழ் நாம் இடும் பின்னூட்டத்துக்கு நம் பூட்டு பொருந்தாது. அந்த இடம் அவருடையது. அங்கே யார் பார்க்கலாம் என்பதை அவருடைய அமைப்புதான் தீர்மானிக்கிறது.

அறியாதவர்களுக்கு எதிராக இந்த வழியே மிக வலுவானது. தேடுபொறிகளும், படங்களைத் திரட்டும் நிரல்களும் பொதுவில் உள்ளவற்றையே எளிதாக எடுக்கின்றன. முகங்களை அடையாளம் காணும் கிளியர்வியூ ஏஐ என்ற நிறுவனம் ஃபேஸ்புக் உள்ளிட்ட தளங்களிலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களைத் திரட்டி வைத்திருந்த செய்தி 2020 ஜனவரியில் வெளிவந்தபோது, அந்தப் படங்களெல்லாம் யாரோ எப்போதோ பொதுவில் விட்டவை என்பதே அதன் தரப்பு வாதமாக இருந்தது. செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியிலும் இதே கோடுதான் எல்லையாக இருக்கிறது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றில் வயது வந்தவர்கள் பொதுவில் இடும் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் தன் மொழி மாதிரிகளைப் பயிற்றப் பயன்படுத்துவதாக, அந்தத் தளங்களை நடத்தும் மெட்டா நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆக, பொதுவா நண்பர்களுக்கு மட்டுமா என்ற பழைய கேள்விக்கு இப்போது ஒரு புதிய விளைவும் சேர்ந்திருக்கிறது.

நம்மை அறிந்தவர்களுக்கு எதிராகப் பூட்டு எவ்வளவு உதவும் என்பது, சாவி எத்தனை பேரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கணக்கைத் தனிப்பட்டதாக மாற்றும்போது ஏற்கெனவே பின்தொடர்ந்தவர்கள் யாரும் வெளியேற்றப்படுவதில்லை. பத்தாண்டுகளில் சேர்ந்த எண்ணூறு பேரை உள்ளே வைத்துக்கொண்டு போடும் பூட்டால் மன நிம்மதிதான் கிடைக்கும், மறைவு கிடைக்காது. அந்த எண்ணூறு பேரில் ஒருவர் திரையைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தேர்தல் பிரசாரங்களுக்குத் தரவு ஆய்வு செய்துகொடுத்த கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற நிறுவனத்தைப் பற்றி 2018இல் வெளிவந்த விவகாரத்தில், ஒரு வினாடி வினாச் செயலியைத் தங்கள் கணக்கில் இணைத்தவர்கள் சுமார் 2.7 லட்சம் பேர்; ஆனால் அவர்களுடைய நண்பர்களின் விவரங்களும் சேர்ந்து போனதால், பாதிக்கப்பட்டவர்கள் 8.7 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்று ஃபேஸ்புக் நிறுவனமே கணக்குச் சொன்னது. பெரும்பாலானவர்கள் எதையும் அழுத்தவில்லை. அவர்களுடைய நண்பர் ஒருவர் அழுத்தியிருந்தார். நண்பர்கள் வழியாக இப்படி எடுக்கும் வாயில் அதற்கு முன்பே அடைக்கப்பட்டுவிட்டது என்றாலும், நம் தனியுரிமை நம் அமைப்புகளில் மட்டும் இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

எனவே பூட்டைத் தேர்ந்தெடுப்பவர் செய்ய வேண்டிய முதன்மையான வேலை பட்டியலைக் களைவதே. இன்ஸ்டாகிராமில் ஒருவரைத் தடை செய்யாமலேயே பின்தொடர்பவர் பட்டியலிலிருந்து நீக்கலாம். அவருக்கு அறிவிப்பு எதுவும் போகாது. நான் களைந்தபோது வைத்துக்கொண்ட கேள்வி இதுதான்: இவர் தொலைபேசியில் அழைத்து, நேற்று நீங்கள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டால், எனக்கு வியப்பாக இருக்குமா? வியப்பாக இருக்கும் என்றால் அவர் பட்டியலில் இருக்க வேண்டிய தேவை இல்லை. இந்த வேலை அலுப்பூட்டுவது, ஓரிரு மாலைப் பொழுதுகளை எடுத்துக்கொள்வது. ஆனால் ஒருமுறை செய்தால் பல ஆண்டுகளுக்கு நிற்கும்.

இழப்பு என்னவென்றால், நம் சொல் வெளியே போகாது. எழுதுபவர், படம் வரைபவர், சிறுதொழில் செய்பவர் ஆகியோருக்கு முழுப் பூட்டு பயன்படாது. இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருப்பவர் அதை அப்படியே வைத்துக்கொண்டு தனிப்பட்டதாக மாற்றவும் முடியாது.

அடுக்குகளாகப் பிரிப்பது

ஒரே கணக்குக்குள் பார்வையாளர்களைப் பிரிக்கும் வழி, கேட்பதற்கு எல்லாவற்றிலும் அறிவார்ந்ததாகத் தோன்றுகிறது. நாம் வாழ்வில் பேசுவதும் அப்படித்தானே: அம்மாவிடம் சொல்வதை அலுவலகத்தில் சொல்வதில்லை, அலுவலகத்தில் சொல்வதைப் பள்ளித் தோழியிடம் சொல்வதில்லை. ஃபேஸ்புக்கில் ஒவ்வொரு பதிவுக்கும் பொது, நண்பர்கள், இன்னார் நீங்கலாக நண்பர்கள், குறிப்பிட்ட சிலர், நான் மட்டும் என்று தேர்வு செய்யலாம். இன்ஸ்டாகிராமில் 2018 நவம்பரில் வந்த நெருங்கிய நண்பர்கள் பட்டியல் இதன் எளிய வடிவம்: ஸ்டோரியைச் சுற்றிப் பச்சை வளையம் தெரியும், பட்டியலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாது.

நான் நான்கு ஆண்டுகள் இந்த வழியில் இருந்தேன். ஆறு பட்டியல்கள் வைத்திருந்தேன். ஒவ்வொருவரையும் எதில் சேர்ப்பது என்று யோசித்து யோசித்துச் சேர்த்திருந்தேன். ஒரு நாள் மாலை ஒருவருக்கு இரத்தம் தேவைப்பட்டதால், பலரைச் சென்றடையட்டும் என்று பொதுவில் ஒரு பதிவு இட்டேன். மறுநாள் காலை, மூத்த சக ஊழியர் ஒருவர் கூட்டத்தில் சொன்னதைப் பற்றிச் சலிப்போடு நான்கு வரி எழுதினேன். அது ஏழு நண்பர்கள் கொண்ட பட்டியலுக்கு உரியது. நான் பயன்படுத்திய தளம், கடைசியாகத் தேர்ந்த பார்வையாளரையே அடுத்த பதிவுக்கும் நினைவில் வைத்துக்கொள்ளும். நாற்பது நிமிடம் கழித்து, பழைய அலுவலகத்தைச் சேர்ந்த ஒருவர் அதற்கு விருப்பம் தெரிவித்தபோதுதான் நான் கவனித்தேன். தளத்தைக் குறை சொல்ல எதுவும் இல்லை. தேர்வு திரையில் சிறிய எழுத்தில் இருக்கத்தான் செய்தது. ஒவ்வொரு முறையும் அதைப் பார்ப்பேன் என்று நான் நம்பியதுதான் பிழை.

நாம் தவறாமல் கவனித்தாலும் அடுக்குகள் பிழைபடலாம். 2018 மே மாதத்தில் ஃபேஸ்புக்கில் ஏற்பட்ட ஒரு மென்பொருள் பிழையால், 1.4 கோடிப் பயனர்களுக்கு அவர்கள் வழக்கமாக வைத்திருந்த பார்வையாளர் தேர்வு சில நாட்களுக்குப் பொது என்று மாறிக் கிடந்தது. சிறிய வட்டத்துக்கு என்று எண்ணி எழுதியவை ஊருக்கே போயிருக்கலாம். அதற்கு முன்பு, 2009 டிசம்பரில், அதே நிறுவனம் தன் தளத்தை மாற்றியமைத்தபோது, பயனர்கள் மறைத்து வைத்திருந்த நண்பர் பட்டியல் போன்ற சில விவரங்கள் பொதுவாகிவிட்டன என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் குற்றம் சாட்டியது. அந்த வழக்கு 2011இல் உடன்பாட்டில் முடிந்தது. அடுக்குகளின் சிக்கல் இதுதான்: பூட்டிய கணக்கில் பிழை நேர்ந்தால் வெளிப்படுவது, எப்படியும் நூறு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்து எழுதியது. அடுக்குகளில் பிழை நேர்ந்தால் வெளிப்படுவதோ, இந்த ஏழு பேர் மட்டும்தான் என்ற தைரியத்தில் எழுதியது. பட்டியல் எவ்வளவு சிறியதோ அவ்வளவு தாராளமாக நாம் பேசுகிறோம். அது உடையும்போது விழும் அடியும் அவ்வளவு பெரியது.

பட்டியல்களுக்கு இன்னொரு நோயும் உண்டு, அவை பழசாகிவிடும். நெருங்கிய நண்பர் என்று சேர்த்தவரோடு பேச்சே நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். பட்டியலில் அவர் அப்படியே இருப்பார். வேலை மாறியவர், உறவு முறிந்தவர், நம் மேலதிகாரியை மணந்துகொண்டவர் என்று ஒவ்வொரு மாற்றமும் ஆறு பட்டியல்களில் திருத்தம் கேட்கும். யாரும் திருத்துவதில்லை.

அடுக்குகளை முற்றிலும் ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இரண்டே அடுக்குகளாக வைத்து, வழக்கமான தேர்வைக் குறுகியதாகவும் விதிவிலக்கை அகலமானதாகவும் அமைத்தால் அந்த ஏற்பாடு ஓரளவு தாங்கும். அப்படி அமைக்கும்போது நேரும் மறதி, பலருக்குத் தெரிய வேண்டியது சிலருக்கு மட்டும் தெரிந்தது என்ற அளவில் முடியும். தலைகீழாக வைத்தால் நேரும் மறதியைத்தான் மேலே சொன்னேன். ஃபேஸ்புக் நிறுவனமே 2014 மே மாதத்தில், புதிதாகச் சேர்பவர்களின் முதல் பதிவுக்கான இயல்புத் தேர்வைப் பொது என்பதிலிருந்து நண்பர்கள் என்று மாற்றியது. பல ஆண்டுகளாகக் கணக்கு வைத்திருப்பவர்கள் பழைய பதிவுகள் அனைத்தையும் ஒரே கட்டளையால் நண்பர்களுக்கு மட்டும் என்று சுருக்கும் வசதியும் அங்கே இருக்கிறது. ஒரே அழுத்தில் அதைத் திரும்பப் பெற முடியாது என்பதால், உண்மையாகவே பொதுவில் இருக்க வேண்டிய பதிவுகளை முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

திறந்த பக்கம், அடங்கிய பேச்சு

பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே என்ற பழமொழியை அப்படியே கணக்கின் கொள்கையாக ஆக்கிக்கொள்பவர்களும் உண்டு. பக்கம் முழுவதும் திறந்தே இருக்கும். உலகம் முழுவதும் படித்தாலும் கவலையில்லாத சொற்களை மட்டுமே எழுதுவார்கள். இதில் ஒரு நேர்மை இருக்கிறது. பொய்யான பாதுகாப்பு உணர்வு இல்லை, உடைவதற்குப் பட்டியல் இல்லை, அமைப்புகள் மாறினாலும் இழப்பதற்கு ஒன்றும் இல்லை. பணி காரணமாகப் பெயர் வெளியே தெரிய வேண்டியவர்களுக்கு இதுவே இயல்பான வழி. தொழில் உறவுகளுக்கான லிங்க்ட்இன் தளத்தை எல்லோரும் ஏறத்தாழ இப்படித்தான் பயன்படுத்துகிறோம். அங்கேயும் நம் தொடர்புகளின் பட்டியலை மற்றவர்கள் பார்க்காதபடி மறைக்கலாம் என்பதும், மற்றவருடைய பக்கத்தை நாம் பார்த்தது அவருக்குப் பெயரோடு தெரியலாம் என்பதும் பலர் கவனிக்காத செய்திகள்.

ஆனால் அடங்கிப் பேசுவதில் ஒரு கணக்குப் பிழை இருக்கிறது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே எடைபோட்டு, இதில் ஆபத்தில்லை என்று முடிவு செய்கிறோம். படிப்பவர் அவற்றைத் தனித்தனியே படிப்பதில்லை. ஒரு படத்தில் சன்னலுக்கு வெளியே தெரியும் கட்டடம், இன்னொன்றில் குழந்தையின் சீருடை, மாதந்தோறும் ஒரே கிழமையில் வரும் பயணப் படம் என்று சேர்த்துப் பார்த்தால், எழுதியவர் ஒருபோதும் எழுதாத முகவரி கிடைத்துவிடும். எழுதவே வேண்டும் என்பதும் இல்லை. 58,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களின் ஃபேஸ்புக் விருப்பங்களை மட்டும் வைத்து, அவர்களுடைய அரசியல் சார்பு, மதம், பாலீர்ப்பு போன்றவற்றைக் கணிசமான துல்லியத்தோடு கணிக்க முடியும் என்று 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தான் எதையும் வெளியே சொல்லவில்லை என்று நினைத்த ஒருவர், தன் விரல் நுனியால் எல்லாவற்றையும் சொல்லியிருக்கக்கூடும்.

திறந்த பக்கத்தில், வேண்டாதவர் ஒருவரைத் தடை செய்தால் போதும் என்ற எண்ணமும் இப்போது பழையதாகிவிட்டது. எக்ஸ் தளம் 2024 நவம்பரில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, நாம் தடை செய்தவர்களும் நம் பொதுப் பதிவுகளைப் பார்க்க முடிகிறது. பதில் எழுதவோ விருப்பம் தெரிவிக்கவோதான் இயலாது. தொல்லைக்கு ஆளான ஒருவருக்கு அங்கே திறந்த பக்கம் என்பது தேர்வே இல்லை. இந்த மாற்றம் வந்தபோது பலர் அதைச் சிறிய செய்தியாகக் கடந்துவிட்டார்கள். என் கணக்கில், பொதுவாக வைப்பதன் விலை அன்று ஒரு படி ஏறியது.

இரண்டு கணக்குகள்

உண்மைப் பெயரில் ஒரு திறந்த கணக்கு, புனைபெயரில் ஒரு பூட்டிய கணக்கு என்று வைத்துக்கொள்வது, அடுக்குகள் செய்ய முயன்று தோற்றதைக் கொஞ்சம் மேம்பட்ட முறையில் செய்கிறது. பிரிவு ஒவ்வொரு பதிவிலும் நிகழாமல், கணக்கின் வாசலிலேயே ஒருமுறை நிகழ்ந்துவிடுகிறது. இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும் புனைபெயர்க் கணக்குக்குத் தடையில்லை. ஃபேஸ்புக் அன்றாட வாழ்வில் வழங்கும் பெயரைக் கேட்கிறது. இருந்தாலும் 2023 செப்டம்பர் முதல் ஒரே கணக்கின் கீழ் கூடுதலாக நான்கு புரொஃபைல்கள் வரை தனித்தனி நண்பர்களோடு வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. அவை அனைத்தும் ஒருவருடையவை என்பது நிறுவனத்துக்குத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதன் பலவீனம் தொலைபேசி எண்ணில் இருக்கிறது. இரண்டு கணக்குகளையும் ஒரே எண்ணில் தொடங்கினால், நம் எண்ணைத் தன் கைபேசியில் வைத்திருக்கும் ஒருவர் தொடர்புப் பட்டியலைத் தளத்தில் ஏற்றும்போது, நம் மறைவுக் கணக்கு அவருக்குப் பரிந்துரையாகப் போய் நிற்கலாம். இது வெறும் ஐயம் அல்ல. ஒரு மின்னஞ்சல் முகவரியையோ எண்ணையோ கொடுத்தால் அது எந்தக் கணக்குக்கு உரியது என்று தெரிந்துவிடும் குறை ட்விட்டரில் 2021 ஜூன் முதல் இருந்தது. 2022 ஜனவரியில் அது சரிசெய்யப்படுவதற்குள், 54 லட்சம் கணக்குகளின் விவரம் திரட்டப்பட்டுவிட்டது; அதே ஆண்டு ஜூலையில் அது விற்பனைக்கு வந்தது. புனைபெயரில் எழுதியவர்களுக்கே அது பெரிய அடி. ஃபேஸ்புக்கிலும், தொடர்புகளை ஏற்றி நண்பர்களைக் கண்டுபிடிக்கும் வசதி வழியாகத் திரட்டப்பட்ட 53.3 கோடிப் பேரின் விவரங்கள், தொலைபேசி எண்களோடு, 2021 ஏப்ரலில் இலவசமாகவே இணையத்தில் கொட்டப்பட்டன.

கணக்கின் பாதுகாப்புக்காகத்தானே எண்ணைக் கொடுத்தோம் என்ற சமாதானமும் முழுவதும் செல்லாது. பாதுகாப்புக்கென்று பெற்ற எண்களையும் மின்னஞ்சல்களையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக ட்விட்டர் நிறுவனம் 2022 மே மாதத்தில் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. இரண்டாவது கணக்கு வைத்திருப்பவர் அதற்கெனத் தனி மின்னஞ்சல் வைத்து, இருபடிச் சரிபார்ப்புக்குக் குறுஞ்செய்திக்குப் பதிலாகச் சரிபார்ப்புச் செயலியைப் பயன்படுத்தி, தொடர்புப் பட்டியலை எந்தச் செயலிக்கும் திறந்துவிடாமல் இருந்தால்தான் பிரிவு நிலைக்கும். ஒரு கணக்கில் இட்ட படத்தை மற்றதில் இடக்கூடாது. ஒரே வேடிக்கையை இரண்டு இடத்திலும் சொல்லக்கூடாது. நம் எழுத்து நடையை நெருங்கியவர்கள் நான்கு வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள். எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதை மறந்து எழுதும் பிழையும் உண்டு. இரண்டையும் ஒரே செயலியில் வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கு அது என்றாவது ஒருநாள் நேர்ந்தே தீரும். ஒன்றைக் கைபேசிச் செயலியிலும் மற்றதைக் கணினியின் உலாவியிலும் வைத்துக்கொள்வது, வசதிக் குறைவாக இருந்தாலும், அந்தப் பிழையை ஏறத்தாழ ஒழித்துவிடுகிறது.

அறிந்தவர்களின் சாதாரண ஆர்வத்தை இந்த வழி நன்றாகத் தடுக்கும். நம்மைக் கண்டுபிடித்தே தீர வேண்டும் என்று உட்கார்ந்தவரை நெடுநாள் தடுக்காது.

மூடிவிடுவது

தற்காலிகமாக முடக்குவதும் நிலையாக நீக்குவதும் வேறு வேறு. முடக்கினால் பக்கம் மறையும், தரவு அப்படியே இருக்கும். ஃபேஸ்புக்கில் கணக்கை முடக்கிய பிறகும் மெசஞ்சரைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். நீக்குவதற்கு விண்ணப்பித்தால், ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் மனம் மாறித் திரும்புவதற்கு 30 நாள் அவகாசம் தருகின்றன. தரவு முழுவதையும் அழித்து முடிக்க 90 நாள் வரை ஆகலாம் என்கின்றன. மற்றவர்களுக்கு நாம் அனுப்பிய செய்திகள் அவர்களுடைய பெட்டியில் இருக்கும். நம்மைப் பற்றி மற்றவர்கள் இட்ட படங்களும் இருக்கும். நீக்குவதற்கு முன் நம் தகவல்களைப் பதிவிறக்கம் செய்துகொள்ளும் வசதியைப் பயன்படுத்தத் தவறக்கூடாது. அப்படி இறக்கிப் பார்த்தபோதுதான் என்னைப் பற்றித் தளம் எவற்றையெல்லாம் குறித்து வைத்திருந்தது என்று தெரிந்துகொண்டேன், நான் எழுதியவை அதில் சிறுபகுதியாகத்தான் இருந்தன.

நிறுவனத்தின் கண்ணிலிருந்து விலக இந்த ஒரு வழிதான் ஓரளவு உதவுகிறது. மற்ற நான்கும் மனிதர்களிடையே திரை போடுபவை. திரையை மாட்டிக் கொடுப்பவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். ஆனால் முற்றிலும் விலகியவருக்கு வேறொரு இடர் வருகிறது. அவருடைய பெயரிலும் படத்திலும் வேறொருவர் பக்கம் தொடங்கி நண்பர்களிடம் பணம் கேட்டால், இது அவர் இல்லை என்று அடையாளம் காண உண்மையான பக்கம் ஒன்று இருக்காது. அதனால், முழுவதும் விலக நினைப்பவர்களுக்கு நான் பெரும்பாலும் சொல்வது பதிவுகளே இல்லாத வெற்றுப் பக்கம்: பெயர், ஒரு படம், தொடர்புக்கு வேறு வழியைப் பயன்படுத்துங்கள் என்ற ஒரு வரி. மற்றவை எல்லாம் நீக்கப்பட்டு, நண்பர் பட்டியலும் மறைக்கப்பட்டிருக்கும். ஃபேஸ்புக்கில் நண்பர் பட்டியலை மறைத்தாலும் பார்ப்பவருக்கும் நமக்கும் பொதுவான நண்பர்கள் தெரியத்தான் செய்வார்கள். வெற்றுப் பக்கத்தில் அதனால் பெரிய கேடு இல்லை.

யாருக்கு எது

தொல்லை தரும் ஒருவரிடமிருந்து விலக வேண்டியவருக்கு முழுப் பூட்டும் களையப்பட்ட பட்டியலும்தான் வேண்டும், அதுவும் இன்றே. நண்பர்கள் தம்மைப் படங்களில் டேக் செய்யாதபடி கேட்டுக்கொள்வதும் அதில் அடங்கும். டேக்குகளை நம் அனுமதிக்குப் பிறகே நம் பக்கத்தில் காட்டும் அமைப்பு, அந்தப் படம் நண்பருடைய பக்கத்தில் இருப்பதைத் தடுப்பதில்லை. பொதுவாழ்வில் பெயர் வேண்டியவருக்கு இரண்டு கணக்குகள் பொருந்தும், அவரிடம் ஒழுங்கு இருந்தால். இல்லையென்றால் ஒரே திறந்த பக்கத்தை வைத்துக்கொண்டு, நெருங்கியவர்களோடு பேச்சைச் செய்திக் குழுக்களுக்கு மாற்றிக்கொள்வது மேல். விளம்பரக் கண்காணிப்புதான் கவலை என்பவர் பார்வையாளர் அமைப்புகளில் நேரம் செலவிட்டுப் பயனில்லை. அவர் நிறுவனத்துக்குக் கொடுப்பதைக் குறைக்க வேண்டும், அதாவது வெற்றுப் பக்கத்தை நோக்கிப் போக வேண்டும். அடுக்குகளை நான் யாருக்கும் முதல் தேர்வாகப் பரிந்துரைக்கமாட்டேன்.

எதைத் தேர்ந்தாலும், சில மாதங்களுக்கு ஒருமுறை, கணக்கிலிருந்து வெளியேறிய உலாவியில் நம் பெயரைத் தேடிப் பார்ப்பது அமைப்புகளின் பக்கத்தைப் படிப்பதைவிட நம்பகமானது. பக்கம் பிறர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்று காட்டும் வசதி ஃபேஸ்புக்கில் இருக்கிறது. 2018 செப்டம்பரில் அந்த வசதியில் இருந்த குறை வழியாகவே ஏறத்தாழ 5 கோடிக் கணக்குகள் ஆபத்துக்கு உள்ளானதாக முதலில் அறிவிக்கப்பட்டு, அது சில மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டதும் நடந்தது. தனியுரிமையைச் சோதிக்கவென்று செய்த கருவியே ஓட்டையாகிப்போனது என்பதால், வெளியே நின்று பார்ப்பதையே நான் விரும்புகிறேன்.

எதைத் தேர்வது என்று இன்னும் முடிவாகாதவர் பூட்டிலிருந்து தொடங்கட்டும். திறந்திருந்ததைப் பிறகு பூட்டினால், அதற்குள் எடுக்கப்பட்ட நகல்கள் திரும்பி வருவதில்லை. பூட்டியிருந்ததைப் பிறகு திறக்க நினைத்தால், எந்த நாளிலும் திறக்கலாம். திறக்கும் நாளில் ஒன்றைமட்டும் கவனிக்க வேண்டும். இன்ஸ்டாகிராமிலும் எக்ஸ் தளத்திலும் பூட்டைத் திறந்தவுடன், பூட்டியிருந்த காலத்தில் நண்பர்களுக்கென்று இட்ட அத்தனை பதிவுகளும் சேர்ந்தே பொதுவுக்கு வந்துவிடும். ஆகவே முதலில் பழையவற்றை நீக்கிவிட்டோ காப்பகத்துக்கு நகர்த்திவிட்டோ, அதன் பிறகுதான் அந்த அமைப்பைத் தொட வேண்டும்.